விடுதித் தட்டு

(மாவட்ட அளவிலான உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விண்ணப்பம், கலந்தாய்வு, கட்டணச் சலுகை, முதல் பட்டதாரிச் சான்று என்று காலையிலிருந்து பல செய்திகளைக் கேட்டோம். பிள்ளையைக் கல்லூரிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது வரை நமக்கு நன்றாகவே தெரிகிறது. சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பதைப் பேச எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் ஊட்டச்சத்து நிபுணர் இல்லை. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர். நான் செய்த ஒரு தவறிலிருந்துதான் இந்தப் பேச்சு தொடங்குகிறது. ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவி திருச்சியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். விடுதியில் தங்கிப் படித்தாள். எங்கள் ஊர் பெரம்பலூர்ப் பக்கம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற ஊர். அவளுடைய அம்மா வெங்காயம் அறுக்கும் வேலைக்குப் போகிறவர். முதலாண்டு முடிந்து ஏதோ சான்றிதழ் வாங்க அவள் பள்ளிக்கு வந்தபோது ஆசிரியர் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். உள்ளே நுழைந்தவளைப் பார்த்ததும், “என்னம்மா, விடுதிச் சாப்பாடு ரொம்ப ஒத்துக்கிச்சு போல, இப்படிக் குண்டாயிட்டே!” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் அதோடு அதை மறந்துவிட்டேன்.

ஆடி மாதம் சந்தையில் அவள் அம்மாவைப் பார்த்தேன். “டீச்சர், நீங்க கொஞ்சம் சொல்லுங்க. இந்தப் புள்ள சாப்பிடவே மாட்டேங்குது. லீவுக்கு வந்தா ஒரு வேளைதான் சாப்பிடுறா. அங்க கிளாஸ்ல மயக்கம் போட்டு விழுந்துட்டாளாம்” என்றார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். “சர்ட்டிபிகேட் வாங்க வந்துட்டுப் போனாளே, அதுலேருந்துதான்” என்றார். நான் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அடுத்த விடுமுறையில் அவளை வீட்டுக்கு வரச் சொன்னேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல மிஸ்” என்றாள். ஆனால் கண் கலங்கிவிட்டது. பிறகு ஒரு தாளைக் கொடுத்து, விடுதியில் ஒரு சாதாரண நாளில் என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று எழுதச் சொன்னேன். நான் பேசத் தொடங்கியதற்கு முந்தைய நாள்களைத்தான் கேட்டேன். எடை கூடிய அந்த முதலாண்டை.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவள் அனுமதியோடு படிக்கிறேன். இரவு தூங்க ஒரு மணி ஆகும். அதனால் எழுவது எட்டரைக்கு. விடுதிச் சிற்றுண்டி எட்டரையோடு முடிந்துவிடும். ஆகவே காலை உணவு இல்லை. பதினொரு மணி இடைவேளையில் கேன்டீனில் ஒரு பப்ஸ், ஒரு டீ. மதியம் விடுதிச் சாப்பாடு. பசி கண்ணை மறைப்பதால் தட்டு நிறையச் சோறு. சாம்பார் தண்ணீராக இருக்கும், பொரியல் ஒரு சின்னக் கரண்டி, அப்பளம் மட்டும் கேட்டால் இன்னொன்று கிடைக்கும். நாலரைக்கு பஜ்ஜி அல்லது போண்டா, டீ. இரவு எட்டு மணிக்குச் சப்பாத்தி, குருமா. குருமா பிடிக்காத நாளில் இரண்டு சப்பாத்தியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். பதினொரு மணிக்கு மறுபடியும் பசி. அறையில் கெட்டில் இருக்கிறது, நூடுல்ஸ். இல்லாவிட்டால் கிரீம் பிஸ்கட். மாதத்தில் மூன்று நான்கு பிறந்தநாள். கேக், பிரைடு ரைஸ், ஒரு பாட்டில் கோலா.

இதைப் படிக்கும்போது ஒன்று கவனித்தீர்களா? இவள் அதிகம் சாப்பிடுகிறவள் இல்லை. ‘தீனிப் பண்டாரம்’ என்று வீட்டில் திட்டுவோமே, அந்த வகை இல்லை. ஒரு வேளையை முழுதாக விட்டிருக்கிறாள். ஆனால் சாப்பிட்டதெல்லாம் மாவு, எண்ணெய், சர்க்கரை. காய் ஒரு கரண்டி. பருப்பு தேடினாலும் இல்லை. முட்டை, பழம், கீரை என்ற சொற்களே அந்தத் தாளில் இல்லை.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளை அழைத்துப் போய் இரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் ஒன்பதுக்குப் பக்கத்தில் இருந்தது. எடை கூடியிருக்கிறது, இரத்தம் குறைந்திருக்கிறது. இரண்டும் ஓர் உடம்பில் எப்படி என்று அம்மா கேட்டார். நம் மாநிலத்தில் இது அரிதான நிலை இல்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது; அதே ஆய்வில் பத்தில் நான்கு பெண்கள் கூடுதல் எடையோடு இருக்கிறார்கள். கலோரி கிடைக்கிறது, இரும்பும் புரதமும் கிடைக்கவில்லை. வயிறு நிறைவதும் உடம்பு நிறைவதும் வேறு வேறு.

அவளது தாளில் இல்லாத ஒன்றைப் பிறகுதான் கண்டுபிடித்தோம். சைக்கிள். பதினொன்றாம் வகுப்பில் நாம் கொடுத்த விலையில்லா மிதிவண்டி. அவள் வீட்டிலிருந்து பள்ளி மூன்றரை கிலோமீட்டர். போக வர ஏழு. ஐம்பது கிலோ எடையுள்ள பெண் அந்தத் தூரத்தை மிதிக்க ஏறத்தாழ 150 கலோரி செலவாகும். கல்லூரி விடுதியோ வகுப்பறைக் கட்டடத்துக்கு எதிரிலேயே இருக்கிறது; நூறு அடி நடந்தால் வகுப்பு. குழாயைத் திருகினால் தண்ணீர். சைக்கிள் வீட்டுத் திண்ணையோரம் சாத்திக் கிடக்கிறது. 150 கலோரியை ஓர் ஆண்டின் 200 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 30,000. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும் என்பார்கள். அப்படியானால் நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உடம்பு கணக்கு வாத்தியார் போல நடந்துகொள்ளாது. எடை மாறினால் அதன் செலவும் மாறும், பசியும் மாறும். ஆனாலும் திசை இதுதான். ஒரு பிடி சோறு கூடச் சாப்பிடாமலேயே ஒரு பிள்ளை எடை கூடலாம் என்பதை அந்தச் சைக்கிளை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் நின்றுபோகிறது. பத்தாம் வகுப்புவரை சத்துணவு. வாரம் ஐந்து நாள் முட்டை, இடையில் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு. 1982இல் தொடங்கிய திட்டம். இந்த அரங்கில் அதில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் பாதிப் பேராவது இருப்போம். இப்போது 2022 முதல் தொடக்கப் பள்ளியில் காலை உணவும் வந்துவிட்டது. வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரையும் பள்ளியில் கொடுக்கிறோம். பதினொன்றாம் வகுப்பில் சத்துணவு நிற்கிறது. கல்லூரியில் மாத்திரையும் இல்லை, விளையாட்டுப் பிரிவேளையும் இல்லை. நாம் பத்தாண்டுகள் முட்டையை எடுத்துத் தட்டில் வைத்தோமே தவிர, அது ஏன் தட்டில் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தோமா? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. புரதம் என்ற பாடத்தை நடத்தியிருக்கிறேன், மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன்.

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2003இல் பி.எட். சேர்ந்தபோது நான் விடுதியில் இருந்தேன். பத்து மாதத்தில் ஏழு கிலோ கூடினேன். ஊருக்குப் போனபோது பாட்டி கன்னத்தைத் தடவி, “இப்பத்தான் பொண்ணு தேறியிருக்கா” என்றார். நம் வீடுகளில் அந்த வயதில் கூடுகிற எடைக்குப் பெயர் ‘தேறுவது’. அந்த ஏழு கிலோ என்னைவிட்டுப் போகவே இல்லை. திருமணம், குழந்தைப் பேற்றின்போது சர்க்கரை, பிறகு சரியாகிவிட்டது என்று நிம்மதி, நாற்பத்தொன்றில் மறுபடியும் சர்க்கரை. இப்போது காலை, இரவு மாத்திரை. அந்த ஏழு கிலோதான் காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. என் அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. ஆனால் பரம்பரையில் இருப்பவர்கள்தான் அந்த வயதில் கூடுதலாகக் கவனித்திருக்க வேண்டும். அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நம் உடலமைப்புக்குப் பிஎம்ஐ 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை; 25 என்பது உடல்பருமன் என்றே கணக்கு. பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. ஆண் ஆசிரியர்கள் இங்கே சிரிக்கிறீர்கள். வீட்டுக்குப் போய் அளந்து பாருங்கள்.

சரி, அந்த மாணவியிடம் என்ன செய்தோம்? எடையைக் குறை என்று நான் சொல்லவே இல்லை. ஏற்கெனவே பட்டினி கிடந்து மயங்கி விழுந்தவள். வேளையைத் தவறவிடாதே என்பதுதான் முதல் பேச்சு. காலை உணவு வேண்டுமானால் எட்டு மணிக்கு எழ வேண்டும், அதற்குப் பன்னிரண்டுக்கு முன் படுக்க வேண்டும், அதற்குக் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். ஆக, உணவைப் பற்றிய பேச்சு கைப்பேசியில் போய் முடிந்தது. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் எண்ணெய்ப் பண்டத்துக்கும் கை நீளும். தேர்வு நேரத்தில் நம் பிள்ளைகளைப் பார்த்தாலே இது தெரியும். முதல் மாதம் வாரத்தில் மூன்று நாள்தான் முடிந்தது என்றாள். இல்லாததற்கு மூன்று நாள் நல்லது என்றேன்.

மதியத் தட்டில் ஒரே ஒரு மாற்றம். முதலில் பொரியலையும் பருப்பையும் வாங்கிக்கொண்டு, பிறகு சோற்றுக்குப் போவது. பரிமாறும் அக்காவிடம் சிரித்துப் பேசிப் பழகினால் பொரியல் இரண்டாவது கரண்டி கிடைக்கும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். இதை எந்த ஊட்டச்சத்துப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. சோறு சாப்பிடாதே என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. சோற்றைப் பகையாக்குகிற அறிவுரை நம் பிள்ளைகளிடம் ஒரு வாரம்கூட நிற்காது. மூன்று கரண்டி இருந்த இடத்தில் இரண்டு, அவ்வளவுதான்.

இரவுப் பசிக்கு அறையில் என்ன வைத்திருப்பது என்பதில்தான் அதிக நேரம் பேசினோம். சமைக்க அனுமதி இல்லை, குளிர்பெட்டி இல்லை, காசும் இல்லை. வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பருவத்தில் கொய்யா, வாழைப்பழம், வெள்ளரி. எவர்சில்வர் டப்பாவில் பச்சைப்பயறை இரவு ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டிவைத்தால் மறுநாள் முளைவிடும். நன்றாக அலசி, கெட்டில் வெந்நீரில் சற்று நேரம் போட்டு எடுத்து, எலுமிச்சை பிழிந்தால் ஆயிற்று. அறைத் தோழிகள் முதலில் கிண்டல் செய்தார்களாம். பிறகு டப்பா நான்கானது. வேர்க்கடலையிலும் எண்ணெய் உண்டு, பாக்கெட் பாக்கெட்டாகத் தின்றால் அதுவும் எடை கூட்டும்; ஒரு கைப்பிடி என்று அளவும் சொன்னேன்.

அடுத்தது டீ. விடுதியில் ஒரு நாளைக்கு நான்கு டீ. ஒரு டீயில் இரண்டு தேக்கரண்டி என்றால் எட்டுத் தேக்கரண்டி, நாற்பது கிராமுக்குப் பக்கத்தில் சர்க்கரை. ஒரு நாளில் நாமாகச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயிலேயே எல்லை தாண்டிவிட்டது. 300 மில்லி கோலா குடித்தால் அதில் மட்டும் 30 கிராமை ஒட்டி வரும். டீயை இரண்டாக்கினாள், கோலாவைப் பிறந்தநாளுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டாள். கேக்கைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. தோழியின் பிறந்தநாளில் கேக்கை மறுக்கிற பெண் இரவில் தனியாக ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் காலி செய்வாள். அது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

நடக்காத விஷயங்களும் உண்டு. விடுதி உணவுக் குழுவில் சேர்ந்து, காய் அதிகம் போடுங்கள் என்று கேட்டாள். காய் விலையைக் காட்டி மறுத்துவிட்டார்கள். வாரம் இரண்டு நாள் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். எண்ணெய் மிச்சம் என்பதால் இருக்கலாம். மாலையில் மைதானத்தைச் சுற்றி நடப்பது இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கிறாள். எடை ஒன்றரை ஆண்டில் நான்கு கிலோ குறைந்தது, இரத்தம் பதினொன்றரைக்கு வந்தது. இரத்தம் கூடியதில் மருத்துவர் கொடுத்த மாத்திரைக்கும் பங்கு உண்டு.

ஆண் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் போனால் பாதிக் கதைதான். அவர்கள் பலர் விடுதியில்கூட இல்லை. நான்கு பேர் சேர்ந்து அறை எடுக்கிறார்கள். இரவில் பரோட்டாக் கடை. ஒருவன் என்னிடம், “மிஸ், பரோட்டாதான் வயித்துல நிக்கும்” என்றான். உண்மைதான், மைதாவும் எண்ணெயும் நிற்கத்தான் செய்யும். இன்னொரு பக்கம் உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புரதப் பொடி வாங்குகிறார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வருகிறது, பெண்களுக்குப் புதுமைப்பெண். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், நூறு கிராம் கொண்டைக்கடலையில் இருபது கிராம் அளவுக்கு. ஒரு டப்பாப் பொடியின் விலையில் எத்தனை மாதத்துக்கு முட்டை வாங்கலாம் என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு, “ஆனா முட்டை சாப்பிட்டா ஜிம்ல யாரும் மதிக்க மாட்டாங்க மிஸ்” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது எங்கள் பள்ளியில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வரும் பழைய மாணவர்கள் நான்கைந்து பேரைப் பள்ளி திறந்ததும் பன்னிரண்டாம் வகுப்புக்கு அழைக்கிறோம். ‘நேற்று முன்தினம் வரை விடுதியில் என்ன சாப்பிட்டேன்’ என்பதை மட்டும் அவர்கள் கரும்பலகையில் எழுத வேண்டும். அறிவுரை கூடாது. கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே எது இல்லை என்று கண்டுபிடிப்பார்கள். ஒரு பிரிவேளை போதும். செய்முறைத் தேர்வு நெருக்கடியில் தலைமையாசிரியர் முதலில் தயங்கினார்; அந்த வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பார்த்த பிறகு அவரே அடுத்த ஆண்டுக்குத் தேதி கேட்டார்.

இன்னொன்று, உறைகள். பள்ளிக்கு வெளியே கிடக்கும் பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ் உறைகளைப் பிள்ளைகளே பொறுக்கி, கழுவிக் கொண்டுவருவார்கள். பின்புறத்தில் இருக்கும் அட்டவணையை வாசிக்க வேண்டும். ‘100 கிராமுக்கு’ என்று போட்டிருக்கும். பாக்கெட்டோ 75 கிராம் அல்லது 120 கிராம். விகிதக் கணக்குப் போடாமல் உண்மை தெரியாது. ஏழாம் வகுப்புக் கணக்கு அது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அட்டவணைக்குள் போக வேண்டாம். ஒரு கோலா பாட்டிலில் உள்ள சர்க்கரையைத் தேக்கரண்டியால் அளந்து கண்ணாடி டம்ளரில் போட்டுக் காட்டினால் போதும்.

கடைசியாக நமக்கு நாமே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஆசிரியர் அறையில் இப்போது பழைய மாணவர் யார் வந்தாலும் உடம்பைப் பற்றி முதல் வார்த்தை பேசுவதில்லை. குண்டு என்றும் இல்லை, ஒல்லி என்றும் இல்லை. “சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே?” என்று கேட்கிறோம். பழக்கத்தில் வாய் தவறிவிடுகிறது. போன மாதம் ஒருவர் தவறினார், பக்கத்தில் இருந்தவர் இருமினார். அந்த மாணவி இந்த ஆண்டு அதே கல்லூரியில் முதுகலை சேர்ந்திருக்கிறாள். சைக்கிளை லாரி ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். இப்போது விடுதியை விட்டு, கல்லூரியிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் அறை எடுத்திருக்கிறாள்.

தேநீர் இடைவேளைக்கு மணி அடிக்கப் போகிறார்கள். அந்த மேசையில் ஒரு பையில் உறைகள் இருக்கின்றன, சுமார் அறுபது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பாக்கெட்டில் எத்தனை கிராம் சர்க்கரை என்று கணக்குப் போட்டு, உறையின் உள்பக்கத்தில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். வெளியே வைத்திருக்கும் பிஸ்கட்டின் உறையும் அதில் இருக்கிறது. அது யார் கைக்கு வருகிறதோ, அவர் மட்டும் விடையைச் சத்தமாகச் சொல்லவும்.